பாய் விரிப்பதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்குது

ஒரு சின்ன மூடி. கட்டைவிரல் நுனியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பயிற்சியாளர் அதை உள்ளங்கையில் வைத்து என் அக்கா மகளிடம் நீட்டுகிறார்.

"இது என்னன்னு சொல்லு பார்க்கலாம்?"

எட்டாம் வகுப்புக்காரி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். தண்ணீர் கேன் மூடியா? இல்லை. பைக் ஆயில் மூடியா? அதுவும் இல்லை.

"படகோட அடைப்பான்மா. பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு பாரு. கரைக்கு வந்ததும் இதைக் கழட்டி, உள்ளே கசிஞ்ச தண்ணியை வடிய விடுவோம். மறுநாள் மறக்காம மாட்டணும். மாட்டாம இறங்கினா, உலகச் சாம்பியன் ஓட்டினாலும் படகு தண்ணி குடிச்சிடும்!"

எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒலிம்பிக் வரைக்கும் போகிற படகு, அதன் ரகசியங்களில் முதலாவதாக எங்களுக்குக் காட்டப்பட்டது இந்த மூடி! நான் ஓசூர் சிப்காட்டில் இருபது வருஷம் டூல்ரூம் வேலை பார்த்தவன். ஒரு சின்ன சீல் சரியாக உட்காராததால் ஒரு ஷிப்ட் முழுக்க உற்பத்தி நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த மூடியைப் பார்த்த நொடியே, கடலைக் கிட்டத்தில் பார்த்துப் பழகாத எனக்கு, இந்த இடம் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

நாங்கள் நின்றது சென்னைத் துறைமுகத்துக்குள், ஸ்பிரிங்ஹேவன் என்கிற மூலையில். முந்தின ராத்திரி ஓசூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தோம். எங்கள் ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. ரோஜா தெரியும், குளிர் தெரியும், ஜூஜுவாடி செக்போஸ்ட் நெரிசல் தெரியும். கடல் மட்டும், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டணம் வரும்போது மெரினாவில் கால் நனைக்கிற அளவோடு சரி.

வந்ததற்குக் காரணம் இந்தப் பெண்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது செல்போனில் மார்செய் துறைமுகத்துப் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, இந்த அக்கா ஏன் படகுக்கு வெளியே படுத்திருக்காங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அக்கா, சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன்.

1997-ல் பிறந்தவர். பரதநாட்டியம், டென்னிஸ் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, 2009-ல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடை முகாமில் சேர்ந்தார். பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. நம் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் நீச்சலுக்கும் கீபோர்டுக்கும் சேர்த்துவிடுகிறோமே, அதே மாதிரி ஒரு முகாம்! அதில் இருந்து ஆரம்பித்த பெண் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் என்று ஏறிக்கொண்டே போனார். பாய்மரப் படகு உலகக் கோப்பையில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். பிறகு டோக்கியோ. இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் இவரே. நடுவில் எஸ்.ஆர்.எம்.-இல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் வேறு! மெக்கானிக்கல் என்றதும் என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்பதை இதைப் படிக்கும் ஓசூர்க்காரர்கள் புரிந்துகொள்வீர்கள்.

சரி, படகுக்கு வருவோம். அதைப் பிரித்துக் காட்டினார்கள், ஐயோ, எவ்வளவு எளிமை!

நேத்ரா ஓட்டுவது இல்கா 6 என்ற வகை. பழைய பெயர் லேசர் ரேடியல். நீளம் 4.2 மீட்டர், நம்ம ஊர் சின்னக் காரைவிடக் கொஞ்சம் நீளம். படகின் வெறும் உடல் எடை சுமார் 59 கிலோ. பாய்மரம் ஒற்றைக் கம்பு என்று நினைத்திருந்தேன். இரண்டு துண்டுகளாக வருகிறது. கீழ்த்துண்டுக்குள் மேல்துண்டை இறக்கிச் செருகுகிறார்கள். பாயை எப்படிக் கட்டுவார்கள் என்று நான் கொக்கி, வளையம், நூறு முடிச்சு என்றெல்லாம் கற்பனை செய்துவைத்திருக்க, ஒரு பையன் வந்து தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி பாயின் ஓரத்தில் இருந்த நீளப் பைக்குள் பாய்மரத்தை நுழைத்தான். முடிந்தது வேலை! அப்படியே தூக்கி, படகின் முன்பக்கக் குழியில் இறக்கினான். பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ள, அந்தச் சத்தத்தில் என் அக்கா மகள் குதித்தே விட்டாள்.

இந்த வடிவம் பிறந்த கதை இன்னும் ருசி. 1969-ல் இயன் புரூஸ் என்பவர், புரூஸ் கர்பி என்ற கனடா நாட்டு வடிவமைப்பாளருக்குப் போன் போட்டு, கார் மேல் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேண்டும் என்கிறார். பேசிக்கொண்டே கர்பி தாளில் ஒரு கிறுக்கல் கிறுக்குகிறார். அந்தக் கிறுக்கல்தான் உலகம் முழுவதும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட படகுகளாக உருவாகியிருக்கிறது. ஆண்களுக்கு 1996-ல் இருந்தும், பெண்களுக்கு 2008-ல் இருந்தும் ஒலிம்பிக் படகு.

இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. ஒரே உடல், மூன்று பாய்! சின்னப் பிள்ளைகளுக்கு 4.7 சதுர மீட்டர் பாய், பெண்கள் போட்டிக்கு 5.76, ஆண்கள் போட்டிக்கு 7.06. அடியில் இருக்கிற படகு மூன்றுக்கும் ஒன்றே. ஒரே சேஸிஸில் மூன்று மாடல் வண்டி! ஓசூரில் எந்த டீக்கடையில் இதைச் சொன்னாலும், உடனே தலையாட்டுவார்கள்.

அதோடு, எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த படகைத்தான் ஓட்ட வேண்டும். காசு கூடக் கொடுத்து வேகமான படகு வாங்க வழியில்லை. ஒலிம்பிக்கில் படகைப் போட்டி நடத்துபவர்களே தருகிறார்கள். அப்படியானால் முதலாவது வருபவருக்கும் நாற்பதாவது வருபவருக்கும் என்ன வித்தியாசம்? மூன்று கயிறுகள் இருக்கின்றன. ஒன்று பாயைக் கீழே இழுக்கிறது, ஒன்று பின்னே இழுக்கிறது, ஒன்று குறுக்குக் கட்டையை அமுக்குகிறது. பாயின் வயிறு எவ்வளவு உப்ப வேண்டும் என்பதை இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன. காற்று கூடினால் தட்டையாக்கு, குறைந்தால் உப்ப விடு. ஒரு விரற்கடை இழுப்பில் வேகம் மாறும். எங்கள் டூல்ரூமில் மைக்ரான் கணக்குப் பார்ப்போமே, அதை அலை மேல் குதித்துக்கொண்டு, கண்ணில் உப்புத்தண்ணீர் அடிக்க, கையால் தடவிப் பார்த்தே செய்கிறார்கள்!

படகுகளுக்கு நடுவில் நின்றபோது இந்த மூலையின் பெயர்க்காரணத்தையும் நினைத்துக்கொண்டேன். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1911-ல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவர். அடுத்த ஆண்டு, 1912 மார்ச் 1 அன்று, அதே துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன்! அந்தக் கணித மேதையைத் தாங்கிப் பிடித்து, மேலே அனுப்ப முயன்றவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். படகுக்கும் கணக்குக்கும் ஒரே மனிதர் கதவு திறந்துவிட்ட இடம் இது. இதை ஏன் நம் பாடப்புத்தகம் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த விளையாட்டு உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு சொல் நம் கட்டுமரம். இரட்டை உடல் படகை கட்டமரான் என்கிறார்கள். மார்செய் ஒலிம்பிக்கில்கூட அந்த வகைக்குத் தனிப் போட்டி இருந்தது. நம் கரையோர மீனவர் வாயில் பிறந்த சொல் ஒலிம்பிக் பட்டியலில்!

பதினொன்றரை மணி இருக்கும். படகுகள் தயாராக நிற்க, பிள்ளைகள் எல்லாம் சும்மா உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் சார் இறங்கலை?" என்று கேட்டேன்.

"காத்து மாறப் போகுது சார். நிலத்துக் காத்து செத்துடும். கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி நிக்கும். அப்புறம் தென்கிழக்குல இருந்து கடல் காத்து வரும். அதோ பாருங்க, தூரத்துல தண்ணி கருப்பா மாறுது பார்த்தீங்களா? காத்து தண்ணியைச் சுருக்குது, அதான் கருப்பாத் தெரியுது. எங்க கருப்போ, அங்க காத்து. ஸ்கிப்பருக்கு முதல் பாடம் இதுதான்."

பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அட! நீலத்தின் மேல் யாரோ ஈரத்துணியை இழுத்துக்கொண்டு வருவது போல ஒரு கருநிறப் பட்டை நகர்ந்து நகர்ந்து வந்தது. சரியாக அது கரையைத் தொட்ட கணத்தில் எங்கள் முகத்தில் காற்று அடித்தது. என் அக்கா மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தப் பெயர்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நான், காற்று வருவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி நடக்கப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பந்தயம் தொடங்குகிற ஐந்து நிமிடம்!

ஓட்டப்பந்தயத்தில் கோட்டில் நின்றுகொண்டு, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓடலாம். படகுக்குப் பிரேக் கிடையாது. தண்ணீரில் கோடும் கிடையாது. நடுவர் படகில் ஒரு கொடி, எதிரே ஒரு மிதவை. இரண்டுக்கும் நடுவே மனதில் இழுத்துக்கொள்கிற கோடுதான் ஆரம்பக்கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடி ஏறும், ஹாரன் அடிக்கும். நான்கு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், நீளமாக ஒரு ஹாரன். பூஜ்யத்தில் முதல் கொடியும் இறங்க, நாற்பதுக்கு மேற்பட்ட படகுகள் ஒரே மூச்சில் பாய வேண்டும்!

அந்தக் கடைசி நிமிடத்தில் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், பாயைத் தளரவிட்டு, படகைக் கிட்டத்தட்ட அசையாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் படகு இடிக்கிற தூரத்தில். அலை முன்னே தள்ளுகிறது. மணிக்கட்டில் கடிகாரம் பின்னோக்கி எண்ணுகிறது. பத்து, ஒன்பது, எட்டு... படகின் மூக்கு ஒரு சாண் முன்னால் போனாலும் போச்சு. திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். கறுப்புக் கொடி போட்டிருந்தால் அந்தப் பந்தயமே கிடையாது. இரண்டு நொடி தாமதித்தாலோ, முன்னால் போன எல்லாருடைய பாய்களும் கலக்கிவிட்ட அழுக்குக் காற்றுதான் உனக்கு. 1980களில் இருந்து டைட்டன் கைக்கடிகாரம் செய்கிற ஊரில் இருந்து வந்தவன் நான். ஒரு நொடியின் விலை என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பயிற்சிப் பந்தயத்தில் ஒரு பெண் பூஜ்யத்துக்கும் படகு மூக்கு கோட்டைத் தொடுவதற்கும் இம்மி பிசகாமல் பாய்ந்ததைப் பார்த்தபோது, கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு அதிசயம். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ, அந்தப் பக்கமே முதலில் போக வேண்டும்! எந்தப் பாய்மரப் படகாலும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. சுமார் 45 டிகிரி சாய்வில் ஒரு பக்கம், திரும்பி மறுபக்கம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். மலைப்பாதை மாதிரி. எப்போது திரும்புவது? காற்று ஐந்து டிகிரி மாறினால் யாருக்கு லாபம்? கருப்புப் பட்டை இடது பக்கம் வருகிறதா, வலது பக்கமா? தலைக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான், உடம்பு என் அக்கா மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பதில் இதோ. காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கிறது. சாய்ந்த படகு மெதுவாகும். நிமிர்த்துவதற்குப் படகில் இருக்கிற ஒரே எடை, ஓட்டுபவரின் உடம்பு. அதனால் படகின் நடுவில் ஓடும் ஒரு பட்டைக்குள் பாதங்களைக் கோத்துக்கொண்டு, விளிம்பில் தொடையை வைத்து, இடுப்புக்கு மேலே முழு உடம்பையும் தண்ணீருக்கு மேல் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு பந்தயம் சுமார் 50 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று பந்தயம். கரையில் ஒரு பெஞ்சு இருந்தது, பட்டை மாட்டிய பயிற்சி பெஞ்சு. "நீ முயற்சி பண்ணும்மா" என்றார் பயிற்சியாளர். பள்ளிக்கூட கபடி அணியில் இருக்கிற பெண், கால் மாட்டி, பின்னால் சாய்ந்தாள். நாற்பது நொடி! தொடை வெடவெடவென்று நடுங்க, சிரித்துக்கொண்டே எழுந்தாள். "மாமா, அந்த அக்கா படுத்திருக்கலை. தொங்கிட்டிருக்காங்க!"

அப்படித் தொங்கிக்கொண்டே ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் பாய்க் கயிற்றையும் ஆட்டிக்கொண்டிருக்கிறார் ஓட்டுபவர். பழந்தமிழில் கப்பலோட்டிக்கு மீகாமன் என்று பெயர். பெரிய கப்பலில் மீகாமன் உத்தரவு போடுவான், மற்றவர்கள் வேலை செய்வார்கள். இந்தப் படகில் மீகாமனும் இவரே, மாலுமியும் இவரே, மெக்கானிக்கும் இவரே, கரைக்கு வந்ததும் தள்ளுவண்டியில் ஏற்றி இழுப்பவரும் இவரே. பந்தயம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஏன், உன் தப்புக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டும்! மிதவையில் படகு உரசிவிட்டால் யாரும் விசில் ஊதக் காத்திருக்காமல், நீயே படகை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுப் போக வேண்டும். இன்னொருவர் வழியை மறித்தால் இரண்டு வட்டம். பதக்கம் போனாலும் சரி, சுற்றுகிறார்கள். இப்படி ஒரு விளையாட்டை என் பெண்ணுக்கும் பையனுக்கும் காட்டாமல் இத்தனை வருஷம் கிரிக்கெட்டையே போட்டுக்கொண்டிருந்தேனே!

செய்தித்தாளில் 'டோக்கியோவில் நேத்ரா 35-வது இடம்' என்று ஒரு மூலையில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த எண்ணைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், பெரிய காற்றிலும் பெரிய அலையிலும் மாதக்கணக்கில் பயிற்சி. பயிற்சியாளர் தமாஸ் ஏசெஸ் ஹங்கேரிக்காரர். தானும் ஒலிம்பிக்கில் ஓட்டியவர். 2021 ஏப்ரலில் ஓமனின் முசானாவில் ஆசியத் தகுதிச்சுற்று. கடைசிப் பந்தயத்துக்கு முன்பே நேத்ராவுக்கு இடம் உறுதி. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தது யார் தெரியுமா? இன்னொரு இந்தியப் பெண், ரம்யா சரவணன்!

டோக்கியோவில் 44 பேரில் 35. மூன்று வருஷம் கழித்து 2024 ஏப்ரலில் பிரான்ஸின் ஹியேர் நகரில் கடைசி வாய்ப்புப் போட்டி. 67 புள்ளிகளோடு ஐந்தாவதாக வந்து, மறுபடி ஒலிம்பிக் சீட்டு. (இந்த விளையாட்டில் புள்ளி குறைய வேண்டும். முதலாவது வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2 என்று கூட்டி, மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள்.) மார்செயில் முதல் பந்தயத்திலேயே ஆறாவது! செல்போனில் நாங்கள் பார்த்தது அந்தப் பந்தயம்தான் என்று நினைக்கிறேன். முடிவில் 43 பேரில் 21-வது இடம். 35-ல் இருந்து 21! அதே மாதிரிப் படகு, அதே அளவு பாய்.

ரம்யாவின் பெயரைச் சொன்னேனே, அவருடைய அண்ணன்தான் விஷ்ணு சரவணன். இங்கேதான் நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். விஷ்ணு பிறந்தது வேலூரில்! ராத்திரி எங்கள் பஸ் டீ குடிக்க நின்ற அதே நெடுஞ்சாலை ஊர்! மழைக்காலம் போனால் பாலாறே மணலாகக் கிடக்கிற ஊரில் பிறந்த பிள்ளை. அப்பா ராணுவத்தில் இருந்தவர், அவரும் பாய்மரப் படகு ஓட்டியவர். மகனும் ராணுவத்தில் சேர்ந்து, மும்பையில் உள்ள ராணுவப் படகுப் பயிற்சி மையத்தில் வளர்ந்தார். 2019-ல் குரோஷியாவில் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம். டோக்கியோவில் 20-வது இடம். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 34 புள்ளிகளோடு வெண்கலம்; வெள்ளி வாங்கிய தென்கொரியருக்கு 33. ஒரே ஒரு புள்ளி! நாலு நாள், அஞ்சு நாள் கடலில் தொங்கிவிட்டு ஒரு புள்ளியில் வெள்ளியை விட்டவர், அடுத்த ஜனவரியில் அடிலெய்ட் உலகப் போட்டியில் 26-வதாக வந்து பாரிஸுக்குச் சீட்டுப் பிடித்தார். மார்செயில் 18-வது இடம். நேத்ராவைப் போலவே இவரும் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் மேலே ஏறுகிறார்.

சென்னையின் கணபதி, வருண் தக்கர் இணையும் டோக்கியோவில் இருவர் படகில் ஓட்டினார்கள். ஆக, டோக்கியோவுக்குப் போன நான்கு இந்தியப் பாய்மரப் படகுக்காரர்களில் ஒருவர் பிறந்தது எங்கள் சாலையோரத்தில். இதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடல் இல்லாத ஊரில் இருந்து இன்னொருத்தரும் வந்திருக்கிறார். அதே ஹாங்சோவில் சிறுமியர் பிரிவில், சின்னப் பாய் மாட்டிய இல்கா 4 படகில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்துக்காரர், விவசாயி மகள். நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த மாநிலம்! போபால் பெரிய ஏரியில் இருக்கிற தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியில் கற்றுக்கொண்டார். ஐதராபாத்தில் ஹுசேன் சாகரில் பாய்மரப் படகு ஓட்டுகிறார்கள். ஏன், எங்களுக்கு 40 கிலோமீட்டரில், பெங்களூரு அல்சூர் ஏரியில், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்கள் ஓட்டுகிறார்கள். அங்கே உள்ள கிளப்புக்குத் திரிஷ்ணா என்று பெயர். 1985-ல் புறப்பட்டு 1987-ல் உலகைச் சுற்றி வந்த இந்திய ராணுவப் பொறியாளர்களின் படகின் பெயர் அது. ஷிப்ட் முடித்து அத்திப்பள்ளி தாண்டிச் சினிமாவுக்குப் போகிற தூரம்தானே!

நாங்கள் கிளம்பும்போது படகுகள் கரை ஏறிக்கொண்டிருந்தன. உப்புப் போக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பாயைச் சுருட்டி, கயிறுகளைச் சுற்றி, கடைசியாக அந்த மூடியைக் கழற்றினார்கள். பின்புற ஓட்டையில் இருந்து ஒரு டம்ளர் அளவு கடல் வடிந்தது. ஒரு சின்னப் பையன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காற்று எந்தத் திசை, எத்தனை முறை மாறியது, எங்கே திரும்பினான், எங்கே தப்புச் செய்தான் என்று எழுதிக்கொண்டிருந்தான். கை சுருங்கி, பேனா வழுக்கியது. விடாமல் எழுதினான்.

திரும்புகையில் கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் எல்லாரும் கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். 1957-ல் காமராஜர் திறந்துவைத்த அணை. நந்தி மலையில் பிறந்து எங்கள் கெலவரப்பள்ளி வழியாக வருகிற தென்பெண்ணை இங்கே தேங்கி, பிறகு கடலூரில் கடலைச் சேர்கிறது. வழக்கம்போல மீன் வறுவல் கடையில் கூட்டம். வழக்கம்போல மச்சான் மீன் வாங்க வரிசையில் நின்றார். அக்கா மகள் மட்டும் கரைச்சுவரில் ஏறி நின்று, நீர்ப்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை வந்திருக்கிறோம் இங்கே! தண்ணீரைத் தண்ணீராகத்தான் பார்த்திருக்கிறோம்.

"மாமா, சீக்கிரம் வாங்க! அந்த மலைப் பக்கம், இடது ஓரத்துல, கருப்பா வருது பாருங்க."

பார்த்தேன். வெள்ளி மாதிரிக் கிடந்த தண்ணீரின் இடது ஓரத்தில் ஒரு கரும்பட்டை புறப்பட்டு, எங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். "பத்து... ஒன்பது... எட்டு..." மூன்று என்று சொல்லும்போது அவள் துப்பட்டா பறந்தது.

"சே, மூணு செகண்டு முன்னாடியே வந்துடுச்சு," என்றாள். "இருங்க மாமா, அடுத்ததைச் சரியாச் சொல்றேன்."